வெறுமையாக விட்ட கட்டம்

அன்று காலை ஏழு மணிக்கு முற்றத்து மழைமானியைப் பார்த்துவிட்டு வந்து, கொப்பியைத் திறந்து வைத்துப் பேனையைத் தேடிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீனவர் மரியதாஸ்.

“மாஸ்டர், நிண்டுகொண்டோ கதைக்கிறீங்கள்?”

“ஓம்.”

“ஒருக்கா கதிரையில இருங்கோ.”

இருந்தேன். பின்னால் அலைச் சத்தமும், யாரோ வள்ளத்தைத் தள்ளும் குரலும் கேட்டன.

“எங்கட மீன் டொக்டர் மோசம் போயிட்டா.”

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு கொப்பியைப் பார்த்தேன். அன்றைய திகதிக்கு நேரே, மழையின் அளவை எழுதவேண்டிய இடத்தில், ‘7.05, மரியதாஸ்’ என்று எழுதியிருந்தது. எழுத்து என்னுடையதுதான். இப்படிப்பட்ட ஆள் நான். எதையும் முதலில் எழுதிவிடுவேன், அழுவதெல்லாம் பிறகுதான்.

கலாநிதி ஞானேஸ்வரியை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கரையில் அவரோடு வேலை செய்தவர்கள் நீங்கள். நான் அக்கராயனில், வயல்களுக்கு நடுவில் இருந்துகொண்டு அவருடைய தாள்களைப் பிரதி எடுத்தவன் மட்டுமே. முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு அவருடைய பெருமைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி மீனவர் சங்கத்தார் கேட்டார்கள். பெருமையை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதை எழுத என்னைத் தவிர வேறு ஆளில்லை. ஒரு பக்கத்துக்குள் அடங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்தது நெடுங்கேணியில், காட்டோரம். கடலை முதன்முதலில் பார்த்தது பன்னிரண்டு வயதில் என்று சொல்லுவார். “கண்டவுடனே கோபம் வந்தது மாஸ்டர். இவ்வளவு பெரிய சாமானை இவ்வளவு காலமும் எனக்கு ஒருத்தரும் காட்டேல்லையே எண்டு.” அந்தக் கோபத்தோடுதான் படித்தார் போலும். முருகைக்கல் எனும் பவளப்பாறைகளில் வாழும் மீன்களையும், அவற்றுக்கு அப்பால் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வாழும் மீன்களையும் ஆராய்ந்து பட்டம் பெற்றார். தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். போர் முடிந்து சனங்கள் மீளக் குடியேறத் தொடங்கிய காலத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு வன்னிக்குத் திரும்பி வந்தார். “அங்கை படிப்பிக்க ஆயிரம் பேர் இருக்கினம். எங்கட பாரைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை,” என்றார். பார் என்றால் கடலுக்குள் கிடக்கும் கற்பாறைத் திட்டு என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் புத்தகம் வவுனியாவுக்கும் போகும் என்பதால் எழுதுகிறேன்.

அவரை நான் சந்தித்ததே ஒரு வெட்கக்கேடான நேரத்தில். நான் அப்போது விலங்கியல் ஆசிரியராக ஓய்வுபெற இருந்தேன். எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் போருக்கு முன் போத்தல்களில் இட்டு வைத்திருந்த மீன்கள் ஏதும் மிஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டு வந்தார். ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் இடம்பெயர்ந்தபோது அந்தப் போத்தல்களின் இடாப்பை நான் ஊர் ஊராகக் கொண்டு திரிந்து காப்பாற்றியிருந்தேன். எந்தப் போத்தலில் எந்த மீன், யார் பிடித்தது, எந்தத் திகதி என்று எல்லாம் அதில் இருந்தது. அலுமாரியைத் திறந்து அதை எடுத்து நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். சிரிக்கத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை.

“மீன் போச்சு, இடாப்பு இருக்கு! இப்பிடி ஒரு ஆளை நான் என்ர சீவியத்தில காணேல்லை.”

நான் குனிந்து நின்றேன். உலகமே ஓடும்போது மற்றவர்கள் அரிசியைத் தூக்கினார்கள், நான் ஒரு இடாப்பைத் தூக்கினேன் என்பது எனக்கே அடிக்கடி வந்து குத்தும் நினைவு. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “பகிடிக்குச் சொல்லேல்லை, மாஸ்டர். நீங்கள்தான் எனக்கு வேணும்.”

அப்படித்தான் பிரதி எடுப்பவன் ஆனேன். கடலில் அவர் பென்சிலால் எழுதும் தாள்கள் ஈரத்தில் சுருங்கி, செதிலும் உப்பும் ஒட்டி என்னிடம் வரும். நான் அவற்றை அட்டவணையாக்கி, மையால் எழுதி, கீழே மூலையில் என் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் மிகச் சிறிதாக இடுவேன். “கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஆர் எழுதினதெண்டு கடவுளுக்கே சந்தேகம் வரும்,” என்பார்.

கரைக்கு மாதம் ஒருமுறை போவேன். அங்கே அவருக்கு வைத்த பெயர் மீன் டொக்டர். அந்தப் பெயரை வைத்து வராத பகிடி இல்லை. “டொக்டர், இந்தச் சூடைக்குக் காய்ச்சலோ பாருங்கோ, கண் சிவந்திருக்கு,” என்று மரியதாஸ் மீனைத் தூக்கிக் காட்டுவார். “உங்கட கண்ணைவிடச் சிவப்பில்லை. உங்களுக்குத்தான் மருந்து வேணும்,” என்று உடனே பதில் வரும். வெள்ளிக்கிழமைகளில் சைவம் உண்பவன் என்பதால் எனக்கும் பங்கு கிடைக்கும். “மாஸ்டர், இண்டைக்கு வெள்ளி. மீனை எண்ணலாமோ?” “எண்ணலாம்,” என்று டொக்டரே எனக்காகப் பதில் சொல்லுவார். “தின்னத்தான் கூடாது. அவற்ற பங்கை எனக்குத் தாங்கோ.” மீனை ஆராய்கிறவர் மீனை இப்படி விரும்பிச் சாப்பிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, “தெரியாத ஆக்களைச் சாப்பிடுறதைவிட இது மேல்,” என்றார்.

ஒருநாள் மரியதாஸின் ஆழ்தூண்டிலில் கறுத்த மீன் ஒன்று ஏறியிருந்தது. பாருக்கு அப்பால் கடல் திடீரென ஆழமாக இறங்கும் இடத்தை மீனவர்கள் கிடங்கு என்பார்கள். அங்கிருந்து வந்த மீன். தேங்காய்ச் சிரட்டை அளவுக் கண்கள். வயிறு வாய்வழியே பலூன் போல வெளியே வந்திருந்தது. மீன் வாங்க வரும் நியாஸ் நானா, “இது பேய் மீன், கடல்ல எறியுங்க,” என்று இரண்டடி பின்வாங்கினார். டொக்டர் முழங்காலில் இருந்து அதைக் கையில் ஏந்தினார்.

“பேயில்லை, நானா. அடியில அவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஒழுங்கா இருந்த சீவன். ஒரே இழுவையில மேல இழுத்தபடியாத்தான் உள்ள இருக்கிறது வெளியால வந்திருக்கு. உங்களையும் என்னையும் அப்பிடி இழுத்தால் நாங்களும் இந்த வடிவுதான்.”

சுற்றி நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் ஒரே இழுவையில் இழுக்கப்பட்டவர்கள். நியாஸ் நானா போய் தன் வாகனத்திலிருந்து ஐஸ் அள்ளிக்கொண்டு வந்து, அந்த மீனுக்குப் படுக்கை போட்டார். அதன் பிறகு டொக்டரின் மீன்களுக்கு ஐஸ் கொடுப்பது அவருடைய பொறுப்பு ஆனது.

இனி ‘இல்லை’ என்ற சொல்லைப் பற்றி எழுதவேண்டும். டொக்டரின் தாள்களில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு மீனைக் கண்டால் எத்தனை என்று எண்ணிக்கை எழுதலாம். இறங்கித் தேடியும் காணாவிட்டால் ‘காணவில்லை’ என்று எழுதி, பார்த்தவர் பெயரையும் பார்த்த நேரத்தையும் போடவேண்டும். இறங்கவே முடியாமற் போனால் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். ‘இல்லை’ என்று மட்டும் எழுதக்கூடாது. ஆரம்பத்தில் நான் இதைச் சுருக்கி, காணாத இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். சிவப்புப் பேனையை எடுத்தார்.

“இல்லையெண்டு சொல்லுற அதிகாரத்தை எனக்கு ஆர் தந்தது? நான் பார்த்தனான், காணேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவருடைய தம்பி போரின் கடைசி மாதங்களில் காணாமற் போனவர். ஒரு அலுவலகத்தில் குடும்ப விபரப் படிவம் நிரப்பியபோது, தம்பியின் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினால் வேலை சுலபமாக முடியும் என்று அங்கிருந்தவர் சொன்னாராம். டொக்டர் ‘காணவில்லை’ என்று எழுதி, ‘தேடுபவர்’ என்று தன் பெயரையும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். படிவம் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் அதையே எழுதினார். இதை எனக்குச் சொன்னவர் மரியதாஸ். டொக்டர் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

நாங்கள் ஆராய்ந்த பாருக்குப் பெயர் குருட்டுப்பார். பெருமழைக்குக் கடலோர நீர்நிலையான களப்பு நிறைந்து ஊருக்குள் தண்ணீர் ஏறும்போது, சனங்கள் களப்பின் வாயை வெட்டிக் கடலுக்குள் விடுவார்கள். அந்தச் செம்மண் தண்ணீர் மார்கழியும் தையும் பாரை மூடிக் கிடக்கும். நீட்டிய கை தெரியாது. அதனால் அந்த இரண்டு மாதங்களும் டொக்டர் இறங்குவதில்லை. அவருடைய தாள்களில் அந்தக் கட்டங்கள் வருடாவருடம் வெறுமையாகவே இருக்கும்.

நான் ஒழுங்கு பார்ப்பவன். எண்கள் நிறைந்த ஒரு அட்டவணையின் நடுவே வெறுமையான கட்டங்களைக் கண்டால், பல் விழுந்த வாயைப் பார்ப்பது போல இருக்கும். மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுக்கவென்று எல்லா வருடங்களையும் சேர்த்து ஒரு பெரிய அட்டவணை எழுதிய கிழமை, டொக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் யாராவது, “இதை ஏன் நிரப்பவில்லை?” என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். அந்தக் கட்டங்களில் எல்லாம் சைபர் போட்டேன். அழகாக, ஒரே அளவில் போட்டேன். மூலையில் முதலெழுத்துகளைச் சிறிதாக இட்டு, அவசரம் என்று அலுவலகத்தார் சொன்னதால் டொக்டருக்குக் காட்டாமலே கையளித்தேன்.

கடலடி மணலை அள்ள ஒரு கம்பனி விண்ணப்பித்த செய்தி ஒரு வருடம் கழித்து வந்தது. குருட்டுப்பாரை ஒட்டிய மணல். அவர்களுடைய அறிக்கையில் ஒரு வசனம் இருந்தது: மார்கழியிலும் தையிலும் அந்தப் பாரில் மீன் இல்லை, எனவே அம்மாதங்களில் மணல் அள்ளுவதால் பாதிப்பு இல்லை. மாவட்ட அலுவலகமான கச்சேரியில் கூட்டம் வைத்தார்கள். டொக்டர் எழுந்து, “மீன் இல்லையெண்டு சொன்ன ஆள் ஆர்?” என்று கேட்டார். கம்பனியின் ஆலோசகர் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார்.

“நீங்கள்தான், மேடம். உங்கட சொந்த அட்டவணை.”

தாள் மேசை வழியே டொக்டரிடம் வந்தது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்த என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“இந்த அட்டவணையில பிழை இருக்கு. நாங்கள் இறங்காத மாதங்களுக்குச் சைபர் போட்டிருக்கு. பொறுப்பு என்னுடையது.”

“சைபரைப் போட்டது ஆர், மேடம்?”

“பொறுப்பு என்னுடையது எண்டு தமிழிலதானே சொன்னனான்?”

“பிழைவிட்டது உங்கட ஆக்கள். இப்ப பிழையெண்டு சொல்லுறதும் நீங்கள். நாங்கள் எதை நம்புறது?”

மண்டபத்தில் சிரித்தார்கள். அந்த நேரம் நான் எழுந்திருக்கவேண்டும். சட்டைப்பையில் இருந்த பேனையைப் பிடித்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை இருந்தேன்.

திரும்பும் வழியில் வாகனத்தில், “டொக்டர், அந்தச் சைபர்...” என்று தொடங்கினேன்.

“வடிவான சைபர், மாஸ்டர். ஒண்டுக்கொண்டு அச்சொட்டா. வாத்து முட்டை மாதிரி,” என்றார் ரோட்டைப் பார்த்தபடி. கொஞ்சத் தூரம் போன பிறகு, “இனி முட்டை இடாதேங்கோ,” என்றார்.

பெரும்பாலானோர் அதோடு சோர்ந்திருப்பார்கள். அவர் மறுநாள் காலை கரையில் மரியதாஸின் வாடிக் கொட்டிலில் போய் இருந்தாராம். “எனக்கு மார்கழியில அந்தப் பாருக்குப் போகவேணும்.” “கலங்கல் தண்ணியில என்னத்தைப் பாக்கப் போறீங்கள்?” “பாக்க ஏலாதெண்டு எனக்கும் தெரியும். வேற வழி சொல்லுங்கோ. நீங்கள்தானே கடல்காரர்.” மரியதாஸ் யோசித்துவிட்டு, தன் தகப்பன் கலங்கல் காலத்தில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பார் என்று சொன்னார். அதைத் தானும் ஒரு வேடிக்கையாகவே நினைத்திருந்தாராம். டொக்டர் எழுந்து நின்றுவிட்டார். கலவாய் மீன்கள் முட்டையிடக் கூடும்போது ஒலி எழுப்பும் என்பதை அவர் படித்திருந்தார். அந்தப் பாரில் அவை கூடும் காலம் எது என்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

என்னையும் கூப்பிட்டார். “நீங்கள் வரவேணும், மாஸ்டர். எழுதுறதுக்கு.” எனக்கு நீந்தத் தெரியாது. வாழ்நாளில் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் வள்ளத்தில் ஏறியிருந்தேன்; ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாந்தி எடுத்தேன். ஆனாலும் மறுக்க எனக்கு உரிமை இருக்கவில்லை. மார்கழியில் காற்று விழுந்த ஒரு காலையில் போனோம். நான் உயிர்காப்புச் சட்டையின் நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தேன். “மாஸ்டர், இன்னொரு சட்டை போட்டால் பறக்கவும் ஏலும்,” என்றார் மரியதாஸ்.

பாருக்கு மேலே கடல் தேநீர் நிறத்தில் கிடந்தது. எஞ்சினை நிறுத்தினார்கள். மரியதாஸ் துடுப்பை நேராக இறக்கிப் பிடித்தார். டொக்டர் வள்ளத்தின் விளிம்பில் குனிந்து அதன் பிடியில் காதை வைத்தார். கண்களை மூடினார். நீண்ட நேரம் அசையவில்லை. கடலில் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவருடைய முகம் காட்டியது. பிறகு விலகி, என்னை வரும்படி கையைக் காட்டினார்.

நான் தவழ்ந்து போய்க் காதை வைத்தேன். முதலில் என் இரத்தம் ஓடும் சத்தந்தான் கேட்டது. பிறகு, வெகு கீழே, டும்... டும்... டும்... ஓய்ந்து, வேறொரு பக்கத்திலிருந்து மறுபடி டும்... டும்...

“என்ன கேக்குது?” என்றார்.

எனக்குத் தெரிந்த சத்தத்தைத்தானே நான் சொல்லலாம். “வயலுக்கு அங்கால ஆரோ இரண்டு சில்லு உழவு மெசினை ஸ்டார்ட் பண்ணப் பாக்கிற மாதிரி. ஒண்டில்லை. கனக்க மெசின்.”

மரியதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. “அப்பிடியே எழுதுங்கோ. காணேல்லை. கேட்டது. கேட்டவர் பெயர், கேட்ட நேரம்.” நான் எழுதினேன். அன்று தூண்டிலில் இரண்டு கலவாய்கள் ஏறின. இரண்டும் வயிறு முட்டச் சினை. ஒன்றை அளந்துவிட்டுத் தண்ணீரில் விட்டார். தண்ணீரைப் பார்த்து, “போங்கோ, போய் சைபரா இருங்கோ,” என்றார்.

பிறகு நீருக்கடியில் ஒலி பதியும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, தை முடியும்வரை பதிந்தார். அறிக்கை கொடுத்தார். பல மாதங்கள் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒலிப்பதிவைக் கவனத்தில் எடுத்ததாகவும், ஆனால் முன்னர் கையளித்த அட்டவணை அதற்கு முரணாக இருப்பதாகவும், அதைத் தயாரித்தவர் நேரில் வந்து விளக்கம் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தது.

அந்தக் கடிதம் வந்தபோது டொக்டர் நோயோடு வவுனியாவில் இருந்தார். கடிதத்தைப் பற்றி அவர் எனக்குச் சொல்லவில்லை, மரியதாஸ்தான் சொன்னார். நான் பார்க்கப் போனேன். உடம்பு பாதியாகியிருந்தது, குரல் மட்டும் அப்படியே. அக்கராயனில் மழை எப்படி என்று கேட்டார். சொன்னேன். எழுந்து வர ஆயத்தமானபோது, எனக்கே தெரியாமல் வாயில் வந்தது.

“டொக்டர், நான் போய்ச் சொல்லுறன். அடுத்த கிழமை.”

என்னைப் பார்த்தார். “அடுத்த கிழமை எண்டு நான் எழுதமாட்டன், மாஸ்டர். சொல்லமாட்டார் எண்டும் எழுதமாட்டன்.” மூச்சு வாங்கினார். “அந்தக் கட்டத்தை வெறுமையா விடுறன்.”

அடுத்த கிழமை நான் போகவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் போகவில்லை. வெளுத்த சட்டை இல்லை, பஸ் நேரம் சரியில்லை, கால்வலி என்று ஏதோ ஒரு சாக்கு இருந்தது. மூன்றாம் கிழமைதான் அந்தத் தொலைபேசி அடித்தது.

புளியங்குளம் சந்தியில் நெடுங்கேணி பஸ்ஸுக்குக் காத்துநின்ற அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. செத்தவீட்டில் கரைச் சனம் நிறைந்திருந்தது. காட்டோர ஊரில் அவ்வளவு கடல்காரர்களை அந்த ஊர்ச் சனம் கண்டிருக்காது. நியாஸ் நானா வாசலில் ஒதுங்கி நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, “மாஸ்டர், நான் வருஷா வருஷம் தையில சினைக் கலவாய் வாங்கினவன். கேட்டா எங்கயும் வந்து சொல்லுவன்,” என்றார். அவரை யாரும் கேட்கவில்லை. கடிதம் அவரைக் கூப்பிடவில்லை. அது கூப்பிட்டது என்னை.

டொக்டரின் எட்டாம் நாள் சடங்குக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் இடையில் கச்சேரியில் மறுபடி கூட்டம் வைத்தார்கள். போனேன். இந்தமுறை முன் வரிசையில் இருந்தேன். பின்னால் இருந்தால் எழும்பமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அட்டவணையைப் பற்றிய பேச்சு வந்தது. எழுந்து நின்றேன். அன்றைக்குப் போலவே சட்டைப்பைப் பேனையைத் தேடிப் போன கையை இறக்கிக்கொண்டேன்.

“நீங்கள் ஆர், ஐயா?” என்றார் தலைமை தாங்கிய அதிகாரி.

“அந்தச் சைபர்களைப் போட்டவன்.”

ஆலோசகர் அன்பாகவே கேட்டார்: “ஐயா, வயசு போன நேரத்தில தெரியாமப் போட்டிருப்பீங்கள்...”

“தெரிஞ்சுதான் போட்டனான். பயத்தில போட்டனான். வெறுமையா ஒரு கட்டத்தைக் கண்டால் எனக்குப் பயம். டொக்டருக்கு அந்தப் பயம் இருக்கேல்லை. அவா வெறுமையாத்தான் விட்டவா. அவாவின்ர கையெழுத்துத் தாள் இந்தா இருக்கு. நீங்கள் மீன் இல்லையெண்டு எழுதினது என்ர பயத்தைப் பார்த்து. கடலைப் பார்த்து இல்லை.”

“சரி ஐயா. நீங்கள் அந்த மாசத்தில அங்க மீனைக் கண்டீங்களோ?”

“காணேல்லை,” என்றேன். சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். “கேட்டனான். கேட்ட நேரமும் எழுதியிருக்கு. கேட்டவர் பெயரும் எழுதியிருக்கு. பெயர் என்ர பெயர்.”

சத்தியக்கடதாசி எழுதச் சொன்னார்கள். அங்கேயே எழுதினேன். மூலையில் முதலெழுத்துகள் அல்ல. தகப்பன் பெயரோடு, முழுப்பெயர், நடுவில். எங்களோடு வந்து வாசலில் நின்ற நியாஸ் நானா உள்ளே வந்து தானும் எழுதினார். அந்த அட்டவணையை விலக்கிவிட்டார்கள். இரு மாதங்களுக்குமான அனுமதியை நிறுத்திவைத்து, வரும் மார்கழியிலும் தையிலும் மறுபடி ஆய்வு செய்யவேண்டும் என்றார்கள். “ஆனால் ஆய்வு செய்யிறதுக்கு இப்ப ஆர் இருக்கினம்?” என்று அதிகாரி கேட்டார். “நாங்கள் இருக்கிறம்,” என்றார் மரியதாஸ், என்னைக் கேளாமலே.

இதை வெற்றி என்று எழுதமாட்டேன். கம்பனி போய்விடவில்லை. நல்ல சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். நல்ல தாளும் இருக்கிறது. எங்களிடம் ஒரு வள்ளமும், திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒரு கருவியும், உப்புப் பிடித்த தாள்களும் இருக்கின்றன. பரவாயில்லை. மூன்று முறை திரும்பி வந்த படிவத்தில் மூன்று முறையும் அதே சொல்லை எழுதியவரோடு வேலை செய்தவர்கள் நாங்கள். நாலாம் முறையும் எழுதுவோம்.

என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால்: டொக்டரின் சிவப்புப் பேனை, ‘இல்லை’ என்ற சொல்லின்மேல் ஒரு சந்தேகம், எனக்காக அவர் நிரப்பாமல் விட்டுப்போன ஒரு கட்டம். அவர் அதில் ஒரு சைபரைப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. என்னைப் பற்றி அவருக்கு இருந்த ஆதாரங்கள் எல்லாம் சைபரைத்தான் காட்டின. அவர் போடவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது அதை நான் நிரப்பவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அது அழியாத மையில் இருக்கட்டும்.

மார்கழி வருகிறது. களப்பின் வாயை வெட்டுவார்கள். குருட்டுப்பார் மூடிப்போகும். எனக்கு இன்னும் நீந்தத் தெரியாது. துடுப்பில் காது வைக்கத் தெரியும்.